மனமும் உடலும் வேறு வேறா? இளவரசி எலிசபெத்தின் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

தத்துவம் படிக்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் மனம்–உடல் சிக்கல். கேள்வி கடினமானதுதான். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை, எல்லோரிடமும் இதற்கு ஏற்கெனவே ஒரு பதில் இருப்பது. சாமி கும்பிடுகிறவருக்கு ஆன்மா தனி, உடம்பு தனி. உயிரியல் படித்தவருக்கு எல்லாமே மூளை. இருவரும் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் பேச்சு கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில் போய் நிற்கும். மனம்–உடல் கேள்வியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் "நான் எந்தக் கட்சி" என்று முடிவு செய்வதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம்: மனம் இடத்தை அடைக்காத ஒன்று என்றால், இடத்தை அடைக்கும் உடலை அது எப்படி அசைக்கிறது? 1643 மே மாதம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருந்த 24 வயது இளவரசி எலிசபெத், பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டெகார்த்துக்குக் கடிதம் எழுதி இதைக் கேட்டார். அதற்குப் பின்னால் வந்த பெரும்பாலான கொள்கைகளை அந்தக் கேள்விக்கான பதில்களாகவே படிக்க முடியும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

முதல் படி: ஒரு செயலைத் தாளில் எழுதுங்கள்

ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். எவர்சில்வர் டம்ளரில் காபி தருகிறார்கள். கையில் வாங்கியபின்தான் தெரிகிறது, தாங்க முடியாத சூடு. கீழே போட்டால் அவர்களுடைய புது சோபா பாழ். பல்லைக் கடித்துக்கொண்டு டீப்பாய் வரை கொண்டுபோய் வைக்கிறீர்கள்.

ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இதைப் பிரித்து எழுதுங்கள். இடது பக்கம், எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டக் கூடியவை, அளக்கக் கூடியவை: காபியின் வெப்பம், விரல் தோல், நரம்பு வழியாகப் போகும் மின் துடிப்பு, முதுகுத் தண்டு, மூளை, கைத் தசை. வலது பக்கம், உங்களுக்கு மட்டும் உள்ளிருந்து தெரிபவை: சுரீர் என்ற வலி, "சோபா போச்சே" என்ற பயம், போடக்கூடாது என்ற முடிவு.

சூடு பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொள்வது வேறு விஷயம். அது முதுகுத் தண்டு மட்டத்திலேயே நடந்துவிடும் அனிச்சைச் செயல். வலி தெரிவதற்கு முன்பே கை நகர்ந்திருக்கும். நமக்கு வேண்டியது கையை இழுக்காமல் அடக்கி வைத்த அந்த இரண்டு நொடி. இப்போது கோட்டைத் தாண்டி இரண்டு அம்புக்குறி போடுங்கள். ஒன்று இடமிருந்து வலம்: சூடு வலியானது. இன்னொன்று வலமிருந்து இடம்: முடிவு கையைப் பிடித்து நிறுத்தியது. மனம்–உடல் சிக்கல் முழுக்க இந்த இரண்டு அம்புகளில்தான் இருக்கிறது. தாளைப் பத்திரமாக வையுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

இரண்டாம் படி: டெகார்த் உண்மையில் என்ன சொன்னார் என்று பாருங்கள்

1641-இல் லத்தீனில் வந்த 'தியானங்கள்' சின்னப் புத்தகம், மொத்தம் ஆறு தியானங்கள். முதல் வாசிப்பில் ஒன்று, இரண்டு, ஆறு என்ற வரிசையில் படித்தால் போதும். நடுவில் உள்ளவை கடவுள் இருப்பதற்கான நிரூபணங்கள், தவறு எப்படி நேர்கிறது என்ற விளக்கம் போன்றவை. ஆறாவதில் வரும் வாதம் அவற்றின் மீதுதான் நிற்கிறது என்பதால் பிறகு ஒரு நாள் திரும்பி வந்தாக வேண்டும். ஆனால் முதல் நாளே அங்கே சிக்கினால் பலரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அவர் சொல்வது சுருக்கமாக இது. உடலின் சாரம் விரிவு, அதாவது நீள அகல உயரத்தோடு இடத்தை அடைப்பது. மனத்தின் சாரம் சிந்தனை. சிந்தனைக்கு நீளமும் இல்லை, எடையும் இல்லை. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை முழுமையாகவும் தெளிவாகவும் நினைக்க முடிகிறது. ஆகவே இரண்டும் வேறு பொருள்கள். இதைத்தான் பொருண்மை இருமைவாதம் என்கிறார்கள்.

இதற்கு மக்கள் அடிக்கடி சொல்லும் வாதம் ஒன்று உண்டு: "என் உடல் இருப்பதைச் சந்தேகிக்க முடிகிறது. நான் சிந்திப்பதைச் சந்தேகிக்க முடியவில்லை. ஆகவே நான் என் உடல் அல்ல." கேட்க நன்றாக இருக்கும். ஓட்டை எங்கே என்று பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரு பஸ்ஸில் சிவாஜி ராவ் என்ற கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிய ஒருவர், பிற்பாடு ரஜினிகாந்தின் தீவிர ரசிகராகிறார். இருவரும் ஒரே ஆள் என்பது அவருக்குத் தெரியாது. "அந்தக் கண்டக்டர் சினிமாவில் நடித்தாரா என்று சந்தேகிக்கலாம், ரஜினி நடித்தாரா என்று சந்தேகிக்கவே முடியாது, ஆகவே இருவரும் வேறு ஆட்கள்" என்று அவர் சொன்னால் சிரிப்போம். சந்தேகம் அவருடைய தலைக்குள் இருக்கிறது. ஆள் ஒருவர்தான்.

இந்த ஓட்டையை டெகார்த்தின் காலத்திலேயே அந்துவான் அர்னோ என்ற பிரெஞ்சு இறையியலாளர் பிடித்துவிட்டார். ஒரு முக்கோணம் செங்கோண முக்கோணம் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவருக்கு, பிதாகரஸ் தேற்றம் அதற்குப் பொருந்துமா என்பதில் சந்தேகம் இருக்கலாம். அதனால் அந்தப் பண்பு முக்கோணத்தை விட்டுப் பிரிந்து இருந்துவிடுமா என்று கேட்டார். டெகார்த் நீளமாகப் பதில் சொன்னார். 'தியானங்கள்' அச்சானபோதே இப்படிப்பட்ட ஆட்சேபங்களும் பதில்களும் பின்னிணைப்பாகச் சேர்ந்தே வந்தன. நான் சிபாரிசு செய்வது, மூல வாதத்தைப் படித்த கையோடு அர்னோவைப் படிப்பது. எதிர்வாதம் தெரியாமல் ஒரு வாதம் மனதில் நிற்காது.

இன்னொரு விஷயம். டெகார்த்தின்படி மனம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து உடலை ஓட்டுகிறது என்று பல அறிமுகக் கட்டுரைகள் எழுதுகின்றன. ஆறாம் தியானத்தில் அவர் இதை மறுக்கிறார். கப்பலில் மாலுமி இருப்பதுபோல் நான் உடலில் இல்லை என்கிறார். கப்பலில் ஓட்டை விழுந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வான், அவனுக்கு வலிக்காது. எனக்கோ அடிபட்டால் வலிக்கிறது, தண்ணீர் இல்லாவிட்டால் தாகம் எடுக்கிறது. ஆகவே நானும் உடலும் ஏதோ ஒரு வகையில் கலந்து ஒன்றாகியிருக்கிறோம். இரண்டும் முற்றிலும் வேறு என்று சொன்ன அதே தியானத்தில்தான் இதையும் சொல்கிறார்.

மூன்றாம் படி: கடிதங்களை மெதுவாகப் படியுங்கள்

போஹீமியாவின் எலிசபெத் 1618-இல் ஹைடல்பெர்கில் பிறந்தவர். தந்தை ஐந்தாம் பிரெடரிக் போஹீமிய அரியணையை இழந்ததால் குடும்பம் ஹேக்கில் தஞ்சம் புகுந்திருந்தது. தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று நேரடியாகச் சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது. 1643 மே 6 தேதியிட்ட முதல் கடிதத்தில் கேட்கிறார்: ஒரு பொருள் நகர வேண்டுமானால் இன்னொன்று அதைத் தள்ள வேண்டும். தள்ளுவது எப்படி என்பது, தள்ளும் விதத்தையும் தள்ளும் பொருளின் பரப்பு, வடிவம் ஆகியவற்றையும் பொறுத்தது. தள்ளுவதற்குத் தொடுதல் வேண்டும். வடிவத்துக்கு விரிவு வேண்டும். ஆன்மாவுக்கு விரிவே இல்லை என்கிறீர்கள், உடல் இல்லாத ஒன்று தொடுவது என்பதும் எனக்குப் பொருந்தி வரவில்லை. அப்படியானால் அது உடலை எப்படி அசைக்கும்?

இங்கே எலிசபெத்தின் புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. பொருள்கள் ஒன்றை ஒன்று தள்ளுவதால் மட்டுமே அசைகின்றன என்பது டெகார்த்தின் சொந்த இயற்பியல். அதை வைத்தே அவரை மடக்குகிறார். உங்கள் தாளில் வலமிருந்து இடம் போகும் அம்பு இதுதான்.

டெகார்த் மே 21 அன்று பதில் எழுதினார். என் எழுத்துகளைப் படித்தவர் மிகவும் நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி இதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு மூன்று அடிப்படைக் கருத்துகள் உண்டு என்கிறார்: உடலைப் பற்றியது, ஆன்மாவைப் பற்றியது, இரண்டின் இணைப்பைப் பற்றியது. மூன்றாவதை முதல் இரண்டைக் கொண்டு விளக்கப் பார்ப்பதால்தான் குழம்புகிறோமாம். எடையை உதாரணம் காட்டுகிறார். எடை என்ற குணம் கல்லைத் தொட்டுத் தள்ளாமலே கீழே இழுப்பதாகப் பழைய அரிஸ்டாட்டில் வழித் தத்துவவாதிகள் நினைத்தார்கள், அப்படி நினைப்பதில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஆன்மா உடலை அசைப்பதையும் அப்படியே நினைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை.

எலிசபெத் விடவில்லை. ஜூன் மாதக் கடிதத்தில், எடை பற்றிய அந்தக் கருத்தே தவறு என்று சொன்னவர் நீங்கள்தானே, தவறான கருத்தை வைத்து இதை எப்படி நம்புவது என்று கேட்கிறார். உடலற்ற ஒன்று உடலை அசைக்கும் என்று ஏற்பதைவிட, ஆன்மாவுக்கும் பருப்பொருள் தன்மை உண்டு என்று ஏற்பது தனக்கு எளிது என்கிறார். கூடவே இன்னொரு குத்து: உடல் இல்லாமலே இருக்க முடிகிற ஆன்மா, உடலில் கிளம்பும் ஏதோ வாயுக்களால் நல்ல புத்தியையே இழந்துவிடுகிறதே, அது எப்படி? காய்ச்சலில் பிதற்றியவரைப் பார்த்த எவருக்கும் வரும் சந்தேகம்தான்.

ஜூன் 28 பதிலை அவசியம் படியுங்கள். இணைப்பை அறிவால் அலசினால் மங்கலாகத்தான் தெரியும், புலன்களுக்கு அது வெகு தெளிவு என்கிறார் டெகார்த். தான் அறிவு மட்டுமே வேலை செய்யும் சிந்தனைக்கு வருடத்தில் சில மணி நேரமே ஒதுக்குவதாகவும் சொல்கிறார். தத்துவமே படிக்காதவர்களுக்கு ஆன்மா உடலை அசைக்கிறது என்பதில் சந்தேகமே வருவதில்லையாம். எலிசபெத்தின் பதில் ஜூலை 1 தேதியிட்டது: ஆன்மா உடலை அசைக்கிறது *என்பதைப்* புலன்கள் எனக்கும் காட்டுகின்றன, *எப்படி* என்பதைக் காட்டவில்லையே.

என்னைக் கேட்டால் வாதத்தில் ஜெயித்தவர் எலிசபெத். ஆனால் டெகார்த் தப்பித்து ஓடினார் என்று மட்டும் படித்தால் நமக்குத்தான் நஷ்டம். உடலையும் மனத்தையும் தனித்தனியாக எடுத்து ஆராய்ந்தால் கிடைக்காத ஏதோ ஒன்று, வாழும் அனுபவத்தில் இருக்கிறது என்று அவர் சொல்ல வருகிறார். அதை அவரால் கொள்கையாக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கடிதங்கள் அதோடு நின்றுவிடவில்லை. 1645-இல் எலிசபெத்துக்கு விடாத மெல்லிய காய்ச்சலும் வறட்டு இருமலும். டெகார்த் அனுப்பிய கடிதத்தில் இருந்த யோசனை, இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பெரும்பாலும் மனத்துயரமே காரணம் என்பது. மனமும் உடலும் வேறு வேறு என்று வாதிட்ட மனிதர், மனக்கவலை உடம்பைப் படுத்துகிறது என்று வைத்தியம் சொல்கிறார்! உணர்ச்சிகளுக்கு வரையறை கொடுங்கள் என்று எலிசபெத் கேட்கப்போய், அதன் தொடர்ச்சியாக 1649-இல் வெளிவந்ததுதான் 'ஆன்மாவின் உணர்ச்சிகள்'. மூளையின் நடுவே உள்ள பினியல் சுரப்பி பற்றி விரிவாக வருவது அதில். மூளையின் மற்ற பாகங்கள் இரட்டையாக இருக்க, இது ஒற்றையாக இருப்பதால் ஆன்மா செயல்படும் இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று கருதினார். சுரப்பியைக் கேலி செய்வதில் நேரத்தை வீணாக்காதீர்கள். அது 'எங்கே' என்பதற்கான பதில். எலிசபெத் கேட்டது 'எப்படி'.

சொல்ல மறந்துவிட்டேன்: ஏறக்குறைய இதே ஆட்சேபத்தை, 'தியானங்கள்' நூலுக்கு ஆட்சேபம் எழுதிய இன்னொரு தத்துவவாதியான கசாந்தியும் முன்பே எழுப்பியிருந்தார். அவர் டெகார்த்தை "மனமே" என்று கிண்டலாக விளிக்க, டெகார்த் பதிலுக்கு "தசையே" என்று விளித்தார். இளவரசிக்குக் கிடைத்த பொறுமை கசாந்திக்குக் கிடைக்கவில்லை.

நான்காம் படி: ஒவ்வொரு கொள்கைக்கும் விலை கேளுங்கள்

இப்போது டெகார்த்துக்குப் பின் வந்த சிந்தனையாளர்களின் பெயர்கள் வரும். ஒவ்வொன்றையும் இரண்டு அம்பையும் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மால்பிரான்ஷ் இரண்டையும் கடவுளிடம் ஒப்படைத்தார். நீங்கள் கையைத் தூக்க நினைக்கும் தருணத்தில் கடவுள் கையைத் தூக்குகிறார். லைப்னிட்ஸ் இரண்டு அம்பையும் அழித்துவிட்டு, மனமும் உடலும் தொடக்கத்திலேயே ஒத்து ஓடும்படி அமைக்கப்பட்டவை என்றார். ஸ்பினோசாவுக்கு இருப்பது ஒரே பொருள், சிந்தனையும் விரிவும் அதன் இரண்டு முகங்கள். 1874-இல் தாமஸ் ஹக்ஸ்லி ஒரு அம்பை மட்டும் வைத்துக்கொண்டார். மூளை மனத்தை உண்டாக்குகிறது, மனம் எதையும் செய்வதில்லை, ரயில் எஞ்சினின் விசில் எஞ்சினை ஓட்டாததுபோல. இதன் விலை என்ன தெரியுமா? சோபாவைப் பற்றி நீங்கள் பட்ட கவலைக்கும், டம்ளர் கீழே விழாமல் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று ஏற்க வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டில் கோட்டையே அழிக்கப் பார்த்தார்கள். கில்பர்ட் ரைல் 1949-இல், மனம் என்பது உடலுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பொருள் என்று நினைப்பதே அடிப்படைத் தவறு என்றார். யு.டி. பிளேஸ் 1956-இலும் ஜே.ஜே.சி. ஸ்மார்ட் 1959-இலும், உணர்வு என்பது மூளை நிகழ்வுதான் என்று வாதிட்டார்கள். எலிசபெத்தின் கேள்வி அங்கே கரைந்துவிடுகிறது, தள்ளுவதும் தள்ளப்படுவதும் ஒரே வகை என்பதால். ஆனால் விலை அடுத்த அம்பில் காத்திருக்கிறது. நரம்புத் துடிப்பை முழுக்க விவரித்த பின்னும், அது ஏன் *சுரீர்* என்று இருக்கிறது என்பது விவரிக்கப்பட்டுவிட்டதா?

இதைத் தைக்கும்படி கேட்டவர்கள் இருவர். தாமஸ் நேகல் 1974-இல் வௌவாலை எடுத்துக்கொண்டார். அதன் உடலியல் முழுக்கத் தெரிந்தாலும், வௌவாலாக இருப்பது அதற்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியுமா? பிராங்க் ஜாக்சன் 1982-இல் மேரியைக் கற்பனை செய்தார். கருப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்து, நிறம் பற்றிய எல்லா அறிவியலையும் கற்றவள். வெளியே வந்து முதல் தடவை சிவப்பைப் பார்க்கும்போது புதிதாக எதையாவது தெரிந்துகொள்கிறாளா? ஆம் என்றால் பௌதிக விவரம் முழு விவரம் ஆகாது. ஜாக்சனே பிற்பாடு தன் முடிவைக் கைவிட்டார், ஆனால் மேரி அவர் கையை விட்டுப் போய்விட்டாள். டேவிட் சால்மர்ஸ் 1990-களில் இதையே 'கடினச் சிக்கல்' என்று பெயரிட்டு மையத்துக்குக் கொண்டுவந்தார். அவர் ஆதரிப்பது பண்பு இருமைவாதம். பொருள் இரண்டு என்று சொல்வதில்லை, மூளைக்குப் பௌதிகப் பண்புகளோடு அனுபவம் என்ற வேறு வகைப் பண்பும் உண்டு என்பது. ஆன்மா என்ற சொல் வராமலே இருமைவாதியாக இருக்கலாம் என்பதைப் புதியவர்கள் இங்கேதான் முதலில் கவனிக்கிறார்கள்.

ஐந்தாம் படி: நம் பக்கத்துக் கோடு வேறு இடத்தில் இருக்கிறது

நமக்குப் பழக்கமான மரபுகளை டெகார்த்தோடு அவசரமாக ஒட்டவைக்காதீர்கள். பழைய இந்தியத் தத்துவ மரபான சாங்கியம் புருடன் (உணர்வு), பிரகிருதி (இயற்கை) என்று இரண்டைச் சொல்கிறது. ஆனால் மனம், புத்தி, அகங்காரம் மூன்றும் பிரகிருதியின் பக்கம். சைவ சித்தாந்தத்திலும் மனம், புத்தி போன்ற உட்கருவிகளான அந்தக்கரணங்கள் மாயையிலிருந்து வந்த சடப் பொருள்கள், உயிர் வேறு. அதாவது டெகார்த் கோட்டின் வலப்பக்கம் வைத்த யோசனை, முடிவு எல்லாவற்றையும் இவர்கள் பெரும்பாலும் இடப்பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். முடிவு கையை நிறுத்துவது அவ்வளவு பெரிய புதிராக இருக்காது. அதற்குப் பதிலாக, எதையும் செய்யாத சாட்சியான புருடன் முன்னிலையில் பிரகிருதி ஏன் இயங்கத் தொடங்குகிறது என்ற கேள்வி எழும். எலிசபெத் அங்கே போயிருந்தாலும் சும்மா இருந்திருக்க மாட்டார்.

பொருள்முதல்வாதமும் நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வரும் பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் கூடும்போது மதுவின் களிப்பு பிறப்பதுபோல், நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறான். தனித்தனியே இல்லாத பண்பு கூட்டில் எழுகிறது என்ற வாதம். இன்றைய விவாதங்களிலும் இதன் உருவம் அப்படியே உண்டு. மேரியைப் படித்த நாளிலேயே அந்தக் காதையையும் எடுத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: இரண்டு குழிகளைத் தாண்டுங்கள்

முதல் குழி, "மூளை அடிபட்டால் மனம் கெடுகிறது, ஆகவே இருமைவாதம் பொய்" என்பது. மூளையும் மனமும் நெருங்கிப் பிணைந்தவை என்பது டெகார்த்துக்கு நன்றாகவே தெரியும். கையோ காலோ வெட்டப்பட்டவர்கள் இல்லாத உறுப்பில் வலியை உணர்வதை ஆறாம் தியானத்திலேயே குறிப்பிடுகிறார். நரம்பு ஒரு கயிறு மாதிரி, நடுவில் இழுத்தாலும் நுனியில் இழுத்ததுபோலவே மூளையில் அசைவு உண்டாகும் என்பது அவர் விளக்கம். இந்த மாய உறுப்பு வலியைத்தான் 1990-களில், தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்துக் குறைத்துக் காட்டினார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொன்னபோது, இறுகிக் கிடந்த மாயக் கை தளர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள். அருமையான ஆய்வு. ஆனால் அது பிணைப்பைக் காட்டுகிறது. பிணைந்த இரண்டும் ஒன்றேதான் என்று நிறுவ இன்னொரு வாதம் தேவை.

இரண்டாவது குழி இதன் தலைகீழ்: "அறிவியலால் விளக்க முடியவில்லை, ஆகவே ஆன்மா உண்டு." 1998-இல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக், உணர்வுக்கு அடிப்படையான நரம்புச் செயல்பாடு 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் தோற்றதை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார். இதைக் காட்டி ஆன்மா நிரூபணமாகிவிட்டது என்று பகிர்கிறவர்கள் உண்டு. ஆகவில்லை. தெளிவான விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அப்புறம் என்ன செய்வது

ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு, ஏர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ் இணையதளத்தில் 'தியானங்கள்', ஆட்சேபங்கள், எலிசபெத்–டெகார்த் கடிதங்கள் எல்லாம் எளிய நடையில் இலவசமாக இருக்கின்றன. கலைச்சொல் எங்காவது இடித்தால் ஸ்டான்போர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம், அதுவும் இலவசம். முதல் வாரம் முதலாம், இரண்டாம், ஆறாம் தியானங்களும் அர்னோவும். அடுத்த வாரம் 1643-இன் ஐந்து கடிதங்கள், வேறொன்றும் வேண்டாம். மூன்றாவது வாரம் நேகலும் ஸ்மார்ட்டும், இந்த வரிசையில்.

பிறகு அந்தக் காபி டம்ளர் தாளின் பின்பக்கத்தில், உங்களுக்கு எந்தக் கொள்கை சரி என்று படுகிறதோ அதை ஒரு பத்தியில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அதை ஏற்பதால் நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று இன்னொரு பத்தி. இரண்டாவது பத்தி எழுத வரவில்லையென்றால், ஜூன் மாதத்து எலிசபெத்தின் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள்.